சொல்லை எங்கே முறிப்பது?

(நல்லதண்ணியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் ஊர் இது. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை இந்த ஊர் இரவில் தூங்குவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இலக்கணம் பேச வந்திருக்கிறேன். "இலக்கணமா? அது பள்ளிக்கூடத்தோடு போயிற்றே!" என்று சிலர் முகம் சொல்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இது பரீட்சைக்கான இலக்கணம் இல்லை. நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற இலக்கணம். நம் பாட்டன் பாட்டி கைநாட்டு வைத்த காலத்திலும் பிசகாமல் பேசிய இலக்கணம்.

என் பேச்சின் பொருள் ஒரே ஒரு கேள்விதான். ஒரு வரி முடிகிறது. ஒரு சொல்லுக்கு அதில் முழு இடம் இல்லை. பாதி மேலே, பாதி கீழே என்று முறித்தாக வேண்டும். எங்கே முறிப்பது?

இதுவும் ஒரு கேள்வியா என்று கேட்கலாம். உலகில் எத்தனையோ நாடுகள் இதற்குச் சட்டம் போல விதி எழுதி வைத்திருக்கின்றன. ஒரு நாட்டை மட்டும் சொல்கிறேன். ஐரோப்பாவின் தென்கிழக்கில் பல்கேரியா என்றொரு நாடு. ஆண்டுதோறும் மே 24ஆம் திகதி அங்கே எழுத்துக்கு விழா. சிரில், மெதோடியஸ் என்ற இரு சகோதரர்களை நினைத்து நாடே விடுமுறை எடுத்துக் கொண்டாடுகிறது. எழுத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற நாடு, சொல்லை முறிப்பதைச் சும்மா விடுமா? விடவில்லை.

அவர்களுடைய நெடுங்கணக்கில் முப்பது எழுத்து. மொழியில் உயிரொலி ஆறு. ஓர் உயிர் இருந்தால் ஓர் அசை. இது அடிப்படை. அதன்மேல் விதிகள். ஒற்றை எழுத்தைத் தனியே மேல்வரியில் விட்டுவிட்டு மற்றதைக் கீழே கொண்டுபோகாதே. ஒற்றை எழுத்தை மட்டும் கீழே தள்ளாதே. இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் ஒன்றை மேலே வை, ஒன்றைக் கீழே வை. அந்த மொழியில் தனக்கென்று ஒலியில்லாத ஒரு சிறு எழுத்து உண்டு. முன்னால் நிற்கும் மெய்யை மென்மையாக்குவது மட்டுமே அதன் வேலை. அந்த எழுத்தை அதன் மெய்யிலிருந்து பிரிக்கவே கூடாது. முறித்த இடத்தில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மொழியில் மெய்கள் கூட்டம் கூட்டமாக வரும். "வ்ஸ்வோத்" என்றொரு சொல், இராணுவத்தில் ஒரு சிறு படைப்பிரிவுக்குப் பெயர். எடுத்த எடுப்பில் மூன்று மெய்! சகோதரிக்கு "செஸ்த்ரா" என்பார்கள். நடுவில் மூன்று மெய். செஸ்-த்ரா என்று முறிப்பதா, செஸ்த்-ரா என்று முறிப்பதா? இரண்டும் சரி என்கிறது அவர்கள் விதி. ஏன் இரண்டும் சரி? மெய்க்கூட்டத்துக்குள் அசை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று காதால் அறுதியிட முடிவதில்லை. அதனால் விதி கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

சரி, நம் தமிழ்? நம் தமிழில் அசை எங்கே முடிகிறது என்று காதுக்குச் சந்தேகம் வருமா? இப்போதே பார்த்துவிடுவோம். எல்லாரும் உங்கள் கையைத் தாடைக்கு அடியில் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், தாய்மார்களும் வைக்கலாம். வைத்துக்கொண்டு, இந்த ஊரின் பேரை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். நல்... ல... தண்... ணி. தாடை எத்தனை முறை இறங்கியது? நான்கு முறை. பின்வரிசையில்? அங்கேயும் நான்கு. உயிர் ஒலிக்கும்போது வாய் திறக்கிறது, தாடை இறங்குகிறது. ஒரு திறப்புக்கு ஓர் அசை. மொழியியலார் அசை என்பது இதைத்தான். பேச்சு வசதிக்காக இதை ஒலியசை என்று வைத்துக்கொள்வோம்.

இனி அதே பேரைப் புலவர் கையில் கொடுங்கள். புலவர் தாடையைத் தொடமாட்டார். நேர், நிரை என்று அலகிடுவார். நல் என்பது குறிலும் ஒற்றும், ஆகவே நேர். லதண் என்பது இரண்டு குறிலும் ஓர் ஒற்றும், ஆகவே நிரை. ணி தனிக்குறில், நேர். நேர் நிரை நேர், வாய்பாடு கூவிளங்காய். அவர் கணக்கில் அசை மூன்றுதான். இது யாப்பசை. இரண்டையும் பலர் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறார்கள். மலை என்பதில் தாடை இரண்டு முறை இறங்கும். யாப்பில் அது ஒரே நிரையசை. ஒன்று வாய் போடும் கணக்கு, மற்றது பாட்டு போடும் கணக்கு.

இனிப் பொருள் பார்த்துப் பிரியுங்கள். நல்ல, தண்ணி. இரண்டே சொல்.

எண்ணிப் பாருங்கள். எழுத்து ஆறு: ந, ல், ல, த, ண், ணி. ஒலியசை நான்கு. யாப்பசை மூன்று. சொல் இரண்டு. ஊர் ஒன்று! இப்படி ஒரு பேரை இந்த ஊருக்கு வைத்தவர்கள் இலக்கணம் படித்துவிட்டா வைத்தார்கள்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்று கணக்கும் மூன்று இடத்தில் வெட்டுகின்றன. புலவர் "லதண்" என்று சேர்த்தாரே, அதற்குள் நல்ல என்ற சொல்லின் வாலும் இருக்கிறது, தண்ணி என்ற சொல்லின் தலையும் இருக்கிறது. பாட்டுக்கு அது சரி. அச்சுக்கு அது சரியா? வரி முடிவில் "நல்" என்று நிறுத்தி, அடுத்த வரியில் "லதண்ணி" என்று தொடங்கினால் கண் தடுமாறாதா? "நல்லதண்" என்று நிறுத்திவிட்டுக் கீழே "ணி" என்று ஒற்றை எழுத்தைத் தொங்கவிட்டால் எப்படியிருக்கும்? பல்கேரியாக்காரனும் ஒப்பமாட்டான்! "நல்ல" மேலே, "தண்ணி" கீழே என்றால் கண்ணும் ஒப்பும், வாயும் ஒப்பும், பொருளும் ஒப்பும். மூன்றும் ஒப்புகிற இடம் கிடைத்தால் அங்கே முறி. கிடைக்காவிட்டால் குறைந்தது வாய் ஒப்புகிற இடத்திலாவது முறி. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான சாட்சியம்.

முதல் சாட்சி யார்? தொல்காப்பியரா? இல்லை. அவரை இரண்டாவதாகக் கூப்பிடுகிறேன். முதல் சாட்சி நம் தோட்டத்து மக்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் மொழியைக் கொண்டுவந்து இந்த மலையில் இறக்கினார்கள். நம்மவர்கள் அதை அப்படியே விழுங்கினார்களா? தங்கள் நாக்குக்கு ஏற்றபடி செதுக்கித்தான் எடுத்துக்கொண்டார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கு அவர்கள் சொன்ன பேர் ஸ்டோர். சொல்லின் தொடக்கத்திலேயே இரண்டு மெய். தமிழ் வாய்க்கு அது வராது. என்ன செய்தார்கள்? முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு "இஸ்டோரு" என்றார்கள். இஸ்-டோ-ரு. முட்டிக்கொண்டு நின்ற மெய் முதல் அசையின் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் "இஸ்கூலு" ஆனது. தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதியவர் "கிளாக்கர்" ஆனார். அங்கே வேறு உத்தி: ககரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே ஓர் இகரம் புகுந்து கி-ளாக்-கர்.

சொல்லின் கடைசிக்கு வாருங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குத் துரை "பரேட்" என்றான். டகர ஒற்றில் முடிகிற சொல் தமிழில் கிடையாது. நம்மவர்கள் ஓர் உகரத்தை ஒட்டிப் "பெரட்டு" என்றார்கள். பெரட்டுக்களம் இன்றும் பெரட்டுக்களம்தான். கேட் கேட்டு ஆனது, லைட் லைட்டு ஆனது. வேலைநிறுத்தத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைப் பாருங்கள். ஸ்ட்ரைக். அவர்களுக்கு அது ஒரே அசை. தாடை ஒரு முறைதான் இறங்கும். நம்மவர் வாயில் அது இஸ்-டி-ரைக்-கு. நான்கு அசை! துரைக்கு ஒரு மூச்சில் முடிந்த சொல்லை நம் ஆட்கள் நான்கு அடி வைத்து நடந்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "தோட்டக்காட்டான் இஸ்டோரு என்கிறான் பார்" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டின் பேர் என்ன? இலங்கை. லங்கா என்பதன் முன்னால் இகரத்தைப் போட்டவர்கள் யார்? லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதற்காகப் பழந்தமிழர் போட்ட இகரம் அது. இராமன் என்பதில் உள்ள இகரமும் அதுவே. உலோகம் என்பதில் அதே வேலையை உகரம் செய்கிறது. இலங்கை என்று எழுதினால் இலக்கணம், இஸ்டோரு என்று சொன்னால் ஏளனமா? இரண்டும் ஒரே நாக்கு. இரண்டும் ஒரே விதி.

இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுவோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் மொழிமரபு என்றோர் இயல் வைத்தார். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எந்த எழுத்து கடைசியில் வரும் என்று அதில் வரையறுத்தார். பின்னால் வந்த நன்னூலார் அதைக் கணக்காகவே தந்துவிட்டார். சொல்லுக்கு முதலில் வருபவை 22, ஈற்றில் வருபவை 24. தனிமெய் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின ஆறும் சொல்லுக்குக் கடைசியில் வராது. பெரட்டுக்கு உகரம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? நன்னூலைத் தொட்டும் பார்க்காத மக்கள் நன்னூல் வழியிலேயே நடந்திருக்கிறார்கள். நூல் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மக்கள் பேசியதை நூல் எழுதி வைத்தது.

சொல்லுக்கு நடுவே மெய்கள் அடுத்தடுத்து வருவதற்கும் விதி உண்டு. மெய்ம்மயக்கம் என்று அதற்குப் பேர். தண்ணி என்பதில் ண் தன்னோடு தானே மயங்குகிறது. அது உடனிலை மயக்கம். கொழுந்து என்பதில் ந் தகரத்தோடு மயங்குகிறது. அது வேற்றுநிலை மயக்கம். ஓர் எழுத்துக்குப் பின் இரண்டு ஒற்று சேர்ந்து வருவதுண்டா? உண்டு, ஆனால் ய், ர், ழ் என்ற மூன்றின் பின்னால் மட்டும். காய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை. அவற்றிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. காய்ச்-சல், பார்த்-தான், வாழ்க்-கை. புள்ளி வைத்தது எதுவானாலும் முன்னெழுத்தோடு போய்விடும். பல்கேரிய மொழிக்கு இருக்கிற சங்கடம் நமக்கு இல்லை. அசை எங்கே முடிகிறது என்று தமிழில் காதால் கேட்டும் சொல்லலாம், கண்ணால் பார்த்தும் சொல்லலாம். தலையில் புள்ளி இருக்கிறதா? அப்படியானால் அது மேலே இருப்பதைச் சேர்ந்தது. உலகத்தில் இதைவிட எளிய விதி உண்டா?

அவ்வளவு எளிய விதி நமக்கு ஏன் மறந்துபோயிற்று? அச்சின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஓலையில் எழுதிய காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஓலை முடிகிற இடத்தில் எழுத்து நின்றது, அடுத்த வரியில் தொடர்ந்தது. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிக்கிறவன்தான் ஒற்று எது, உயிர்மெய் எது, சொல் எங்கே முடிகிறது என்று உணர்ந்து படிக்க வேண்டும். அந்த ஏடுகளோடு கண் கெட உழைத்துக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அவருக்கும் உ. வே. சாமிநாதையருக்கும்தான் தெரியும்.

அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சாயிற்று. நம் நாட்டில் ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சகம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். படிக்கிறவர் தடுமாறக் கூடாது என்று சந்தி பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் உரைநடையை அச்சிட்டவர் அவர். சொல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. அந்த அக்கறையைத்தான் இன்று நான் கேட்கிறேன்.

அச்சோடு பத்திரிகையும் வந்தது. பத்திரிகையில் பத்தி ஒடுக்கம். தமிழ்ச் சொல்லோ நீளம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளர் முன்னால் "தொழிலாளர்களுக்கெல்லாம்" என்ற சொல் வந்து நிற்கிறது. பன்னிரண்டு எழுத்து. வரியில் ஐந்தாறு எழுத்துக்குத்தான் இடம். என்ன செய்வார்? நல்ல அச்சுக்கோப்பாளர் "தொழிலாளர்" என்று மேலே நிறுத்தி, "களுக்கெல்லாம்" என்று கீழே கொண்டுபோவார். இடம் இன்னும் கொஞ்சம் இருந்தால் "தொழிலாளர்களுக்" மேலே, "கெல்லாம்" கீழே. அவசரக்காரர் "தொழிலாள" என்று நிறுத்திக் கீழ்வரியை "ர்களுக்கெல்லாம்" என்று தொடங்குவார். ரகரம் தலையில் புள்ளியோடு வரியின் வாசலில் நிற்கும். அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முடிகிறதா?

வாய்விட்டுப் படிப்பது என்று ஏன் சொல்கிறேன்? இந்த மலையகத்தில் பத்திரிகை கண்ணுக்கு மட்டும் வந்ததில்லை, காதுக்கும் வந்தது. கோ. நடேசய்யர் 1920களில் தேசபக்தன் நடத்தியபோதும், 1930இல் வீரகேசரி வெளிவரத் தொடங்கிய பிறகும், லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். அவர் பாட்டு பரவியது எப்படி? எழுத்தறியாத தாய்மார் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு அசை பிசகாமல் கொண்டுபோனார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பாடி வைத்தவர்களும் அவர்களே. நேரும் நிரையும் அவர்கள் வாயில் இருந்தன. காகிதத்தில் தப்பாக முறிந்த சொல்லை அந்தக் காது பொறுத்துக்கொள்ளாது.

தப்பாக முறிந்தால் படிக்கத் தடங்கும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பொருளே மாறிவிடும். நன்னூலார் பொதுமொழி என்று ஒரு வகை சொல்கிறார். தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை என்றால் மரம் அல்லது புலி. வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. எட்டு என்றால் எண். எள், து என்று பிரித்தால் எள்ளை உண். முறிக்கிற இடத்தை வைத்தே விளையாடினார்கள் நம் புலவர்கள். பிரிமொழிச் சிலேடை என்று அதற்கு அணியிலக்கணத்தில் ஓர் இடமே கொடுத்தார்கள். காளமேகம் புகழ்பெற்றது சிலேடையால். வேண்டுமென்று முறித்தால் அது கவிதை. தெரியாமல் முறித்தால்?

தெரியாமல் முறித்தால் என்ன ஆகும் என்று நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு முத்துலெட்சுமி என்று பேர். பிறப்புச் சான்றிதழில் ஒரே சொல். அடையாள அட்டையில் யாரோ நடுவே இடைவெளி விட்டு "முத்து லெட்சுமி" என்று எழுதிவிட்டார். இனி முத்து யார், லெட்சுமி யார்? ஒன்று தகப்பன் பேரா? ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் நாளில் அந்த அம்மாள் மேசைக்கு மேசை நடக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்கிறார். ஒரு வாழ்நாள் உழைப்பு, ஓர் இடைவெளியின் முன்னால் கைகட்டி நிற்கிறது. இந்த மண்டபத்தில் அப்படி நின்றவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எண்ணி முடியாது.

சரி, இப்போது ஈய எழுத்து போய்விட்டது. கணினி வந்துவிட்டது, கையில் தொலைபேசி வந்துவிட்டது. இயந்திரம் பார்த்துக்கொள்ளாதா?

இயந்திரத்தின் கதையும் சுவையானது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் என்ற மாணவர் 1983இல் ஓர் ஆய்வேடு கொடுத்தார். சொற்களை வரி முடிவில் கணினி தானே முறிப்பது எப்படி என்பதுதான் ஆய்வு. அட்டையில் தலைப்பையே அசை அசையாகக் கோடு போட்டு முறித்து அச்சிட்டார்! ஆங்கிலச் சொற்களைக் கண்ட இடத்தில் முறிக்க முடியாது. அதற்காக அவர் திரட்டிய எழுத்துக் கோலங்கள் 4,447. பிற்காலத்தில் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் என்ற பொறியாளர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் இதே முறையில் விதி எழுதித் தந்தார். தமிழுக்கு ஆயிரக்கணக்கில் கோலம் தேவைப்படவில்லை. சில வரிகள் போதுமாக இருந்தன. ஏன்? அசை எங்கே முடிகிறது என்பதைத் தமிழ் எழுத்தே காட்டிக் கொடுத்துவிடுகிறதே!

ஆனால் இயந்திரத்துக்கு ஒரு கண் குறைவு. நாம் "க்" என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பதை யூனிகோட் இரண்டாக வைத்திருக்கிறது: ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஒழுங்கான மென்பொருள் இரண்டையும் பிரிக்காது. ஒழுங்கில்லாத மென்பொருள் பிரித்துவிடும். உடைந்த தமிழை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில், புள்ளியைத் தாங்க ஆளில்லாமல் ஒரு புள்ளிவட்டம். அசையைக் காப்பாற்றுகிற மென்பொருளுக்கும் சொல்லின் பொருள் தெரியாது. சிவனொளிபாதமலை என்று கொடுத்தால் "சிவனொ" மேலே, "ளிபாதமலை" கீழே என்று போட்டாலும் அதற்கு ஒன்றுதான். அது அசைக் குற்றம் இல்லை. ஆனால் மனம் ஒப்புகிறதா?

இந்த மலையின் பேரையே கொஞ்சம் நின்று பாருங்கள். சிவன், ஒளி, பாதம், மலை. நான்கு சொல். சிவன் என்பதன் ஒற்றில் ஒளியின் உயிர் ஏறி "னொ" ஆகிவிட்டது. இரண்டு சொல்லும் ஓரெழுத்துக்குள் கலந்துவிட்டன. அங்கே கத்தி வைக்க முடியாது. பாதம் என்பதன் மகர ஒற்று மலையின் முன்னால் மறைந்துவிட்டது. ஆனாலும் அங்கே பொருத்து கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே "சிவனொளி" என்று நிறுத்தலாம், "சிவனொளிபாத" என்று நிறுத்தலாம். வேறெங்கும் வேண்டாம். கவ்வாத்து வெட்டுகிற கைக்கு எந்தக் கிளையில் எந்த இடத்தில் கத்தி இறங்க வேண்டும் என்று தெரியும். பிசகினால் கிளை பிளந்துவிடும். சொல்லும் அப்படித்தான்.

தேயிலைத் தோட்டம் என்பதைப் பாருங்கள். நடுவே வந்த தகர ஒற்று எந்தப் பக்கம்? புள்ளி வைத்தது முன்னெழுத்தோடு என்றேன் அல்லவா? "தேயிலைத்" மேலே, "தோட்டம்" கீழே. "தேயிலை" என்று விட்டுவிட்டு, கீழே "த்தோட்டம்" என்று தொடங்குவது எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை. எழுத்துப் பிழையை வாயால் சொல்லிவிடலாம். இதை வாயால் சொல்லவும் முடியாது.

சரி, ஐயா, முடிவாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான்கே விதி. எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, நினைவில் நிற்கும்.

புள்ளி எழுத்து வரியின் தலையில் நிற்கக் கூடாது. இது முதல் விதி. இதில் விலக்கே இல்லை.

ஒற்றை எழுத்தை மேலேயும் தனியே விடாதீர்கள், கீழேயும் தனியே தள்ளாதீர்கள். இது இரண்டாவது. பல்கேரியா தன் எழுத்துக்குக் கொடுக்கிற மரியாதையை நாம் நம் எழுத்துக்குக் கொடுப்போம்.

சொல் பல சொல்லால் ஆனதென்றால் பொருத்துப் பார்த்து முறியுங்கள். இது மூன்றாவது. பொருத்து தெரியாவிட்டால் தாடைக்குக் கீழே கையை வையுங்கள், அது சொல்லும்.

இங்கே விளக்கத்துக்காக முறித்துக் காட்டினேனே தவிர, ஆளின் பேரையும் ஊரின் பேரையும் முறிக்கவே வேண்டாம். இது நான்காவது. பலகையில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது பேரை முழுதாக அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு மனிதனின் பேர், இடம் இருந்தால் எழுதுவது, இல்லாவிட்டால் வெட்டுவது என்று வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. எழுதிய உரிமை பலகையில் எப்படி நிற்கிறது? இந்த மலைப்பாதையில் நடக்கும்போது பாருங்கள். மும்மொழிப் பலகை என்று இருக்கும். அதில் உள்ள தமிழைப் படித்தால் அது எந்த மொழி என்று யோசிக்க வேண்டியிருக்கும். யாரோ எழுதினார்கள், யாரோ மாட்டினார்கள் என்று நாமும் தாண்டிப் போகிறோம். இனித் தாண்டிப் போகாதீர்கள். பிழையைப் படம் எடுங்கள். சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பலகை யாருடையதோ அவர்களிடம் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு முறை கொடுத்துத் திருந்தாவிட்டால் இரண்டாம் முறை கொடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, அசை பிரித்தலைப் பரீட்சைக்கு முந்திய வாரம் வரை வைத்திருக்காதீர்கள். முதலாம் வகுப்பில் பிள்ளை தன் பேரைக் கைதட்டிச் சொல்லட்டும். ஒரு தட்டுக்கு ஓர் அசை. தன் பேரில் எத்தனை தட்டு என்று தெரிந்த பிள்ளையின் பேரை நாளைக்கு ஓர் அலுவலகம் தப்பாக எழுதினால், அந்தப் பிள்ளை அங்கேயே நிறுத்திக் கேட்கும். தம்பிமாரே, தங்கைமாரே! திருவிழா நோட்டீசையும் மரண அறிவித்தலையும் இப்போது நீங்கள்தான் தொலைபேசியில் வடிவமைக்கிறீர்கள். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே நாக்குத் தடுக்கிறதோ அங்கே உங்கள் விரல் தப்பு செய்திருக்கிறது என்று பொருள்.

அச்சகத்தில் இருப்பவர்களே, அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மக்களின் நாக்கு இந்த மொழியின் சட்டத்தை இருநூறு ஆண்டு இந்த மலையில் பிசகாமல் காத்திருக்கிறது. நாக்கு காத்ததைப் பேனாவும் காக்கட்டும், இயந்திரமும் காக்கட்டும். எங்கள் பேரை முழுதாக எழுதுங்கள். எங்கள் சொல்லைச் சரியான இடத்தில் முறியுங்கள். நாங்கள் கேட்பது சலுகை அல்ல, இலக்கணம்!